சராசரிப் பிள்ளைக்கு எந்த ஊர்

பல் டாக்டர் என் வாய்க்குள் இரண்டு விரலையும் ஒரு குட்டிக் கண்ணாடியையும் விட்டுக்கொண்டு, இந்த வருஷம் எந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் முதலில் வரும் என்று கேட்டார். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் கேட்டார். முடி வெட்டுகிறவரும் இதையேதான் கேட்பார், கழுத்தில் கத்தி இருக்கும்போது. மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்தைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு கேட்பார். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதிக்குப் பேரப்பிள்ளைகளே கிடையாது. அவரும் லிஃப்டில் கேட்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை செய்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை நாட்டின் பதினொரு பெருநகரங்களையும் அவற்றின் உயர்நிலைப் பள்ளிகளை வைத்து வரிசைப்படுத்தி நாங்கள் ஒரு சிறப்பிதழ் போடுவோம். அந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறவன் நான். தேர்ச்சி, ஆசிரியர் எண்ணிக்கை, ஆய்வகம், நூலகம், கழிப்பறை என்று இருபத்து மூன்று தலைப்புகளில் தகவல் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம் என்று எடை போட்டு, தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை கொண்டுபோய் நிறுத்துகிறேன். இவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஊர்ப் பெயர். ஆளை விடுங்கள் என்று சொல்லத் தோன்றும்.

பெருநகரம் என்றால் நடு ஊர் மட்டும் இல்லை. சுற்றியிருக்கும் புறநகர்களும் அதில் சேர்த்தி. எல்லாவற்றையும் சின்னச் சின்ன மண்டலங்களாக வெட்டி எண் கொடுத்திருக்கிறோம். ஒரு மண்டலத்து ஜனங்கள் எந்த ஊருக்கு அதிகமாக வேலைக்குப் போகிறார்களோ, அந்த ஊர்க் கணக்கில் அது தானாகப் போய் விழுந்துவிடும். அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எனக்கு எண் போதும். எண்ணைச் சொன்னால் அங்கே எத்தனை பள்ளி, எத்தனை மாணவர்கள், போன வருஷத் தேர்ச்சி எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு அலுவலகத்தில் 'தலைப்பு' என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், இதுக்குத் தலைப்பு என்ன என்பார். போன வருஷ வரிசையே இந்த வருஷமும் வந்தால் அவருக்குப் பிடிக்காது, அப்புறம் எவன் காசு கொடுத்து வாங்குவான் என்பார். அதனால் ஒரு வருஷம் கழிப்பறைக்கு எடை கூடும், ஒரு வருஷம் நூலகத்துக்குக் கூடும். முதலிடத்தில் மட்டும் மாற்றமே இருக்காது. மலையடி நகரம் அங்கே சட்டமாக உட்கார்ந்திருக்கும். எங்கள் நகரம் ஐந்து, ஆறு என்று நடுவில் கிடக்கும். பக்கத்துத் துறைமுக நகரம் எப்போதும் ஒன்பது.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா போன் பண்ணினாள்.

எனக்கு ஒரே அக்கா. மூன்று வயசு மூத்தவள். ஓர் இரவு முழுக்க ரயிலில் போனால்தான் அவள் ஊர் வரும். அங்கே திரைச்சீலை தைக்கும் கடை ஒன்றில் வேலை. அத்தான் குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். அவருடைய கம்பெனி அந்த ஊர்க் கிளையை மூடுகிறதாம். மலையடி நகரம், துறைமுக நகரம், எங்கள் நகரம், இந்த மூன்றில் எது வேண்டுமோ மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் மகள் எட்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பொண்ணு படிப்புக்கு எந்த ஊர் நல்லதோ அந்த ஊருக்குப் போகலாம் என்று அத்தான் சொல்லிவிட்டார். ஊரைச் சொல்வதற்குத் தம்பி இருக்கிறான் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அவள் இங்கே வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்யாணமாகிப் போனதிலிருந்து அவளும் நானும் ஓர் ஊரில் இருந்ததில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வருவாள், ஏதாவது விசேஷம் என்றால் வருவாள், வந்த வேலை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போனில் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? போனில் சண்டை வந்தால் வைத்துவிட்டுப் போய்விடலாம். நேரில் வந்தால் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவளே சாப்பிடக் கூப்பிடுவாள். எனக்கு அந்த அரை மணி நேரம் வேண்டியிருந்தது.

நீ இங்கே வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. எங்கள் குடும்பத்தில் பாசத்தை நேராகச் சொன்னால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். அதனால் சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வழியில் அதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

எங்கள் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் மரங்கள் அதிகம். யாரோ ஒரு பழைய மேயர் நட்டுவிட்டுப் போனது. 'ஒரு மாணவருக்கு எத்தனை மரம்' என்று புதிதாக ஒரு தலைப்பைச் சேர்த்து அதற்குப் பன்னிரண்டு சதவீத எடை கொடுத்தேன். எங்கள் நகரம் ஆறிலிருந்து நாலுக்கு வந்தது. விளையாட்டு மைதானத்தை ஏற்றினேன், ஆய்வகத்தைக் குறைத்தேன். மூன்று. பள்ளிக்கும் பொது நூலகத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சேர்த்ததும் எங்கள் நகரம் முதலிடத்துக்கு வந்து உட்கார்ந்தது. மலையடி நகரம் எட்டாவதாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு பொய் எண் கூட இல்லை, எல்லாம் நிஜமான மரங்கள். உச்சி குளிர்ந்து போய் நாற்காலியில் சாய்ந்தேன்.

என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எழுத்துப் பலகைக்கு எதிரில் ஆட்களை உட்கார வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று மாற்றி மாற்றிக் கேட்டு நம்பர் பார்ப்பது அவள் வேலை. அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"காலைல ஆறாவதா இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள முதல் ரேங்க் வந்திருக்கே, ட்யூஷன் வெச்சீங்களா?" என்றாள்.

ஆராய்ச்சி என்றால் இப்படித்தான், உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் மரம் என்று எழுதியிருந்த கட்டத்தில் விரலை வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அசடு வழிந்தது. ஆனாலும் அட்டவணையை அழிக்கவில்லை. அக்காவுக்கு அனுப்புவதற்குத் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். அட்டவணை தயார் என்று நான் ஆரம்பித்தேன். அது இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் என்றாள்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன் தம்பி. நம்ம வாலு பெரிய படிப்பாளி இல்ல, மக்கும் இல்ல. அம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல மார்க் வாங்கிட்டு நிம்மதியா தூங்கற பொண்ணு. இந்த மாதிரிப் பிள்ளைய எந்த ஊரு நல்லா பாத்துக்கும்? உன் கணக்குல அது இருக்கா?"

என் கணக்கில் இல்லாதது எதுவும் இல்லை என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அது இல்லை. இருபத்து மூன்று தலைப்பு இருக்கிறது, நேற்றிலிருந்து மரத்தோடும் நூலகத் தூரத்தோடும் சேர்த்து இருபத்தைந்து. எத்தனை பேர் தொண்ணூறுக்கு மேல் வாங்கினார்கள் என்று இருக்கிறது. நூறு பேர் பரீட்சை எழுதினால் எத்தனை பேர் தேறினார்கள் என்று இருக்கிறது. ஐம்பத்தைந்து மார்க் வாங்குகிற ஒரு பிள்ளையை உள்ளே விட்டால் நாலு வருஷம் கழித்து அது என்னவாக வெளியே வருகிறது என்று ஒரு மூலையில் கூட இல்லை. இத்தனை வருஷமாக டாக்டரும் முடி வெட்டுகிறவரும் கேட்காத கேள்வி. நானும் கேட்கவில்லை.

மூலத் தகவல் என்னிடம் இருந்தது. கல்வித் துறை மாணவர் பெயரை நீக்கிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது வாங்கிய மார்க்கையும் கடைசி வருஷப் பரீட்சையில் வாங்கிய மார்க்கையும் பள்ளிவாரியாகக் கொடுக்கும். நாங்கள் அதில் மேலே இருப்பதை மட்டும் வழித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடி வைத்துவிடுவோம். அந்த வாரம் சாயங்காலங்களில் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த மிச்சத்தைத் திறந்தேன். ஐம்பதிலிருந்து அறுபது வாங்கிச் சேர்ந்த பிள்ளைகளை மட்டும் தனியாகப் பிரித்தேன். அவர்களில் எத்தனை பேர் கடைசி வருஷம் வரை இருந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று ஒவ்வொரு பள்ளியாகப் பார்த்தேன்.

மலையடி நகரத்துக்கு வந்தபோது எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் இல்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தேன், இல்லை. அங்கே தெரிந்த ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஒன்பதாம் வகுப்பில் முன் வாசல் வழியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். பெரிய பரீட்சைக்கு முந்தின வருஷம் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்கு வேறு இடம் சரியாக இருக்கும் என்று தேன் தடவிச் சொல்லி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் எழுதினால் நூற்றுக்கு நூறு தேராமல் என்ன செய்யும்? அதற்குத்தான் நான் வருஷாவருஷம் முதலிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லாத அறையிலேயே எனக்கு முகம் சுண்டிப் போயிற்று.

துறைமுக நகரம் அப்படியே தலைகீழ். யாரையும் அனுப்புவதில்லை. எல்லாரையும் வைத்துக்கொண்டு இழுக்கிறார்கள், அதனாலேயே சராசரி குறைந்து ஒன்பதாவது இடத்தில் கிடக்கிறார்கள். அங்கே முப்பத்தெட்டாம் மண்டலத்தில் ஒரு பள்ளி. ஐம்பத்தைந்தோடு உள்ளே போன பிள்ளைகள் எழுபத்தைந்தோடு வெளியே வந்திருக்கிறார்கள். ஒரு வருஷம் இல்லை, தொடர்ந்து எல்லா வருஷமும். அந்தப் பள்ளிக்கு ஆய்வகம் சுமார், நூலகம் சுமார், மரம் அறவே இல்லை. அதற்கு அடுத்தபடி எங்கள் நகரத்தில் ஒரு பள்ளி. தெற்குக் கோடியில், விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போன பிள்ளைகள் எழுபத்தொன்றோடு வருகிறார்கள்.

நாலு மார்க்.

அந்த நாலு மார்க் என் மண்டையைக் குடைந்தது. எழுபத்தொன்று ஒன்றும் மோசம் இல்லையே? எங்கள் ஊர்ப் பள்ளிதான் நல்லது என்று சொன்னால் அது பெரிய பொய்யா? நாலு மார்க்குக்காக அக்காவை இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவதா? துறைமுகம் பக்கத்து ஊர்தான், ஆனால் இரண்டரை மணி நேரம் போய் இரண்டரை மணி நேரம் வருவது என்றால் அதுவும் விசேஷத்துக்கு விசேஷம் பார்க்கிற கதைதான். மனசு ஒரு பக்கம் தெற்குக் கோடி என்றது. இன்னொரு பக்கம், அந்தப் பொண்ணு நிம்மதியாகத் தூங்குகிறவள் என்றது.

பல் தேய்க்கும்போதும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்ததால் மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் காலை அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கடைல ஒருத்தருக்கு அரை நம்பர் குறைச்சுக் கண்ணாடி குடுத்தா ஒண்ணும் கீழ விழுந்துட மாட்டாங்க. நடப்பாங்க, படிப்பாங்க, எல்லாம் பண்ணுவாங்க. ஆனா தினம் சாயங்காலம் தலை வலிக்கும். எதனாலன்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

செருப்பு கிடைத்தது, போய்விட்டாள். நான் மரம் வைத்த அட்டவணையை அழித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

மலையடி நகரம் வேண்டவே வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னேன். வாலு மாதிரிப் பிள்ளைக்குத் துறைமுக நகரத்து முப்பத்தெட்டாம் மண்டலப் பள்ளிதான் சரி, பெயரும் முகவரியும் அனுப்புகிறேன் என்றேன். அத்தான் வேலை செய்யப் போகும் கிடங்கும் அதே பக்கம்தான் என்று அவள் சொன்னாள். பிறகு, உன் ஊர் என்ன ஆச்சு என்று கேட்டாள். இரண்டாவது என்றேன். எவ்வளவு வித்தியாசம் என்றாள். நாலு மார்க் என்றேன்.

"சரிடா. அப்ப அதுதான். சனிக்கிழமை நேர்ல போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணிடறோம்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு பேச்சுக்காவது, இரண்டாவதாக இருந்தால் என்ன, நீ இருக்கிறாயே என்று இழுத்திருக்கலாம் இல்லையா? என் கணக்கை நாட்டில் யாரும் இப்படிக் கேள்வி கேட்காமல் நம்பியது கிடையாது. இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. உண்மையைச் சொன்ன நிம்மதி எல்லாம் வரவில்லை. துக்கமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்து வீட்டில் எல்லாவற்றின் மேலும் எரிந்து விழுந்தேன். துணி துவைக்கும் இயந்திரம் ஏன் இப்படி ஆடுகிறது என்றேன். பேப்பர் ஏன் நனைந்திருக்கிறது என்றேன். இந்நேரம் அவர்கள் துறைமுகத்தில் இறங்கியிருப்பார்கள், இந்நேரம் பள்ளிக்குப் போயிருப்பார்கள் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மனைவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டவள் மாதிரி அவள் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. பேப்பர் போடுகிறவன் காசுக்கு வந்திருப்பான், வந்ததும் நனைந்த கதையைக் கேட்டுவிடலாம் என்று வேகமாகப் போய்க் கதவைத் திறந்தேன்.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அத்தான், அவர் முதுகுக்குப் பின்னால் வாலு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளியைப் பார்க்கப் போகவில்லையா என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம் என்றாள் அக்கா. அங்கேயிருந்து இதற்குள் எப்படி வர முடியும், துறைமுகத்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகுமே என்று நான் வாசலிலேயே நின்று வாதம் செய்தேன். உள்ளே வரச் சொல்லவேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. மனைவிதான் என்னை ஒதுக்கிவிட்டு, "வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

நடந்தது இதுதான். காலையில் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயிருந்து புறநகர் ரயில் பிடித்திருக்கிறார்கள். ரயில் போய்க்கொண்டே இருந்ததாம். ஊரை விட்டே வெளியே போகிறோமே, உன் தம்பி எங்கே அனுப்புகிறான் என்று அத்தான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாராம். கடைசியில் இறங்கிப் பள்ளியைப் பார்த்திருக்கிறார்கள், கிடங்கையும் பார்த்திருக்கிறார்கள். திரும்பிப் போக ஸ்டேஷனுக்கு வந்தால், எதிர்ப் பக்கத்து மேடைப் பலகையில் என் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன் பெயர் எழுதியிருந்ததாம்.

"நாலு ஸ்டேஷன்டா. டிக்கெட் குடுக்கறவர்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன்" என்றாள் அக்கா.

அது எப்படி முடியும், முப்பத்தெட்டாம் மண்டலம் துறைமுகப் பெருநகரம் என்றேன். இருக்கட்டுமே, நாங்கள் அங்கேயிருந்துதான் வந்தோம் என்றார் அத்தான். நான் விடவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, எங்கள் அலுவலக வரைபடத்தைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அதை முதன்முறையாகத் திறக்கிறேன். எனக்கு எப்போதும் அட்டவணை போதும்.

இரண்டு பெருநகரங்களும் வளர்ந்து வளர்ந்து ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. எங்கள் நகரத்தின் கடைசிப் புறநகருக்கும் முப்பத்தெட்டாம் மண்டலத்துக்கும் நடுவில் ஒரு கால்வாய் மட்டும்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் துறைமுகத்தின் கண்டெய்னர் கிடங்குகளில் வேலை செய்கிறார்கள். அதனால் கம்ப்யூட்டர் அந்த மண்டலத்தைத் தூக்கித் துறைமுகத்தின் கணக்கில் போட்டுவிட்டது. துறைமுகம் என்றதும் என் மனசில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்துதான் தூரம் ஓடியது. தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை தெரிந்த மனுஷன், நாலு ஸ்டேஷன் தள்ளி என்ன இருக்கிறது என்பதைக் கோட்டை விட்டிருந்தேன். என் முகத்தில் ஈயாடவில்லை.

அத்தான் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது, வயிறுதான் குலுங்கும். அக்கா சிரித்தாள். இதுதான் சமயம் என்று என் மனைவி, அண்ணி உங்களை இங்கே வரவழைக்க இவர் மரத்துக்கெல்லாம் மார்க் போட்டார் தெரியுமா என்று போட்டு உடைத்தாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சாப்பிடும்போது பள்ளியைப் பற்றி வாலுவிடம் கேட்டேன். கணக்கு வகுப்பில் ஒரு பெஞ்சில் இவளையும் உட்கார வைத்தார்களாம். டீச்சர் இவளிடமும் ஒரு கேள்வி கேட்டாராம்.

"தப்பாத்தான் சொன்னேன் மாமா. யாரும் சிரிக்கல. அந்த விடை எனக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. நான் போர்டுல போட்டுக் காட்டினேன். பாதி வரைக்கும் சரின்னாங்க" என்றாள். அந்தப் பாதியைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எந்த முதல் மார்க் பிள்ளையிடமும் பார்த்ததில்லை. அக்கா அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்து, அத்தானும் வாலுவும் கூடத்தில் அசந்து தூங்கின பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"உன் ஊர்ல ரெண்டாவதா ஒரு பள்ளிக்கூடம் சொன்னியே, அது இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?"

தெற்குக் கோடி, மூன்று பஸ் மாற வேண்டும், நெரிசல் நேரமாக இருந்தால் துறைமுகத்துக்கே போய் வந்துவிடலாம் என்றேன்.

"அப்ப நீ எனக்காகப் பொய் சொல்லியிருந்தா, ஒரே ஊர்னு பேரு, ஆனா நான் இன்னும் தூரமாப் போயிருப்பேன்."

மரக் கதை வெளியே வரும் வரை உனக்கு ஒன்றும் தெரியாதே, நான் உன்னை இங்கே வரச் சொல்லவே இல்லையே என்றேன். நாலு மார்க் என்று நீ சொன்ன குரலே சொல்லியது என்றாள். அன்றைக்கு நீ ஏன் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை என்று கேட்டுவிட்டேன், மனசில் அறுத்துக்கொண்டே இருந்ததை. போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன், அதை உன்னிடம் சொல்வார்களா என்றாள். பிறகு, இந்த மேஜை விரிப்பை எந்தக் குருடன் வாங்கினான் என்று கேட்டாள். நான்தான் வாங்கினேன் என்றேன். சண்டை வந்தது. அத்தானும் வாலுவும் எழுந்துவிடும் அளவுக்கு வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பரீட்சை முடிந்து, விடுமுறையின் கடைசி வாரத்தில் அவர்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடிவந்தார்கள். அக்காவுக்கு அங்கேயே ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை கிடைத்தது. சராசரிப் பிள்ளைகளுக்கு என்று இருபத்து நாலாவது தலைப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று நான் ஆசிரியரிடம் கேட்டேன். சராசரி என்ற வார்த்தையை அட்டையில் போட்டால் விற்குமா என்று கேட்டார். மலையடி நகரம் முதலிடத்திலிருந்து விழும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் காரணம் அவருக்கு, என் காரணம் எனக்கு. தலைப்பு சேர்ந்துவிட்டது.

அவர்கள் குடிவந்த இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, அக்கா அலுவலகத்துக்குப் போன் பண்ணி, புதன்கிழமை வருகிறேன் என்றாள். யாருக்கு என்ன, அத்தானுக்கு உடம்பு சரியில்லையா, பள்ளியில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன்.

"ஏதாவது இருந்தாத்தான் வரணுமா? புதன்கிழமை கடை லீவு. வரேன், சாப்பிடறேன், சண்டை போடறேன், சாயங்காலம் வாலு வீட்டுக்கு வர்றதுக்குள்ள போயிடறேன்."

போனை வைத்தேன். பிறகு எழுந்து ஆசிரியர் அறைக்குப் போய், புதன்கிழமை எனக்கு லீவு வேண்டும் என்றேன். சிறப்பிதழ் நேரத்தில் என்ன லீவு என்று முறைத்தார். என் அக்கா வருகிறாள் என்றேன்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல சார்" என்றேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் சொன்னேன்.